சி-14 பொருந்தவில்லை

முதல் புகாரை எழுதியவள் துளசிமணிதான். பிற்பாடு இதைப் பலரிடம் அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்க விரும்பியவர்கள் அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

புகார் மிகச் சிறியது. வான்பேழை நிறுவனம் விற்கும், உதிரிகளை ஒட்டிக் கட்டும் 'நாரை' விண்கல மாதிரி, நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. உதிரி எண் சி-14 பொருந்தவில்லை.

சி-14 என்பது பாதி வளையம். நாரையின் கூம்பு வடிவ அறையின் அடியில், பூமிக்குத் திரும்பும்போது தீயைத் தாங்கும் வெப்பக் கவசம் இருக்கிறது அல்லவா, அதை அறையோடு சேர்த்துப் பிடிக்கும் வளையத்தின் வலப் பாதி. இடப் பாதி சி-13. இரண்டையும் சேர்த்து அறையின் அடியில் வைத்தால், வலப்பக்கக் கதவுக்கு நேர் கீழே மட்டும் தலைமுடி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது.

துளசிமணிக்கு வயது நாற்பத்தாறு. கோவை கணபதியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். பகல் முழுக்க மற்றவர்கள் செய்த தப்பை அளப்பது அவள் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து மேசை விளக்கைப் போட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் பழம்போலத் தொங்கும் உதிரிகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்கும்போதுதான் அவளுக்கு மூச்சு சீராகும். மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியின் ஒற்றை இழையைக் கலத்தின் மின்கம்பியாக ஒட்டுவாள். சாக்லேட் சுற்றிவரும் தங்கத் தாளைக் கசக்கி நீவி, கலத்தின் வெப்பப் போர்வையாகப் போர்த்துவாள். எதுவுமே பொருந்தாத நாளின் முடிவில் பொருந்துகிற ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது.

அதிலும் இந்த இடைவெளி.

அவள் ஃபீலர் கேஜை எடுத்தாள். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகு இதழ்கள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். 0.10 இதழ் உள்ளே போனது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு இந்தத் தொழில் தெரிந்த எவரும் செய்வதைச் செய்தாள். இடைவெளியில் புட்டி என்ற நிரப்புப் பசையை வைத்து அடைத்தாள், காயவிட்டாள், தண்ணீர் தொட்டு நானூறாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி ஆயிரத்து இருநூறு வரை தேய்த்தாள். விரல் நுனிக்குத் தட்டுப்படாத வரை தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் கோபமாகப் புகார் எழுதினாள்.

வாடிக்கையாளர் சேவையில் 'இனியா' என்று ஒரு குரல் இருந்தது. மனிதக் குரல் இல்லை.

"உங்கள் கைத்திறனுக்கு வாழ்த்துகள்! சிறு இடைவெளிகளுக்குப் புட்டி பயன்படுத்திப் பார்த்தீர்களா?"

"புட்டி வெக்க எனக்குத் தெரியுமுங்க. பெட்டி மேல என்ன போட்டிருக்கீங்க? 'இன்று விண்ணில் இருப்பது போலவே'. விண்ணுல இருக்கற கலத்துல இப்படி ஓட்டை இருக்குதா?"

"உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது. புகார் எண் 4471 பதிவாகியுள்ளது."

அந்த வாசகம்தான் வான்பேழையின் வியாபாரமே. மற்ற நிறுவனங்கள் பழைய வரைபடங்களை வைத்து அச்சுச் செய்து, பத்து வருடம் ஒரே பொம்மையை விற்றன. வான்பேழை பெட்டியை அன்றன்றைக்கு அச்சிட்டது. குறிஞ்சி விண்நிலையத்தின் இயந்திரக் கை, நிலையத்தோடு பூட்டி நிற்கும் கலத்தைச் சுற்றி வந்து வாரத்துக்கு இருமுறை அளந்து படமெடுக்கும். அந்த அளவிலிருந்து நேராக உதிரிகள் அச்சாகும். கலத்தின் மேல் ஒரு தூசிக்கல் பட்டுப் பள்ளமானால், அடுத்த வாரப் பெட்டியில் அந்தப் பள்ளம் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் அளந்த தேதி. மாதிரி கட்டுகிறவர்கள் கிறுக்குப் பிடித்ததுபோல வாங்கினார்கள்.

அவர்களின் கோவைக் குழுவில் நாற்பத்தொரு பேர். துளசிமணியின் புகாரைப் பார்த்ததும் ஒவ்வொருவராக "எனக்கும்" என்றார்கள். சிங்கப்பூரிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும்கூட "எனக்கும்". முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு துளசிமணி ஒரு கூட்டு மனு எழுதினாள். குழுவில் ஒரே ஒருவர்தான் கையெழுத்துப் போடவில்லை. பல் டாக்டர் ரத்தினவேல்.

சாயிபாபா காலனியில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் நானூற்றுப் பதினாறு பெட்டிகள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. "நீங்க கட்டறீங்க, கஷ்டப்படறீங்க. என்ற பெட்டிக்குள்ள எல்லாம் பொருந்தித்தான் இருக்குதுங்க" என்று குழுவில் எழுதினார்.

"தெனமும் ஊரு வாயைப் பிரிக்கறீங்க. ஒரு பெட்டியப் பிரிக்கறதுக்கு என்னங்க டாக்டர் பயம்?" என்று துளசிமணி பதில் போட்டாள். குழுவே இரண்டு நாள் சிரித்தது.

ஜூன் பத்தாம் தேதி வான்பேழை பணிந்தது. 'பொருத்தத் திருத்தம்' என்ற புதிய மென்பொருளைச் சேர்த்திருப்பதாகவும், இனி எல்லா உதிரிகளும் கச்சிதமாகப் பொருந்தும் என்றும் அறிவித்தது. பழைய பெட்டிகளுக்கு மாற்றுப் பெட்டி வேண்டுமென்றால், தேதியையும் இடைவெளியையும் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னது. குழு கூடி கேக் வெட்டியது. கேக்கின் மேல் க்ரீமில் 'சி-14' என்று எழுதி, அதன் மேலேயே ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

அந்தப் பட்டியல்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

பதினெட்டுப் பேர் தங்கள் பெட்டியை முறையாக அளந்திருந்தார்கள். துளசிமணி தொழிற்சாலைப் பழக்கத்தில் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு தாளில் புள்ளி வைத்தாள். மார்ச் கடைசிப் பெட்டிகளில் 0.06. ஏப்ரல் நடுவில் 0.07. மே தொடக்கத்தில் 0.08. அவளுடையது மே முப்பது, 0.10. புள்ளிகள் ஒரே கோட்டில் ஏறின.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அச்சு இயந்திரம் தேய்கிறது, மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்று நினைத்தாள். பம்பு கம்பெனியில் வருடத்துக்கு நாலு தடவை பார்க்கிற கதை. ஆனால் தேய்ந்த இயந்திரம் எல்லா உதிரியையும் கெடுக்கும். இங்கே மற்ற நூற்று அறுபது உதிரிகளும் சுத்தமாக இருந்தன. சி-14 மட்டும். அதிலும் கதவுக்கு நேர் கீழே மட்டும்.

பெட்டியின் மேல் இருந்த வாசகத்தை அவள் மறுபடி வாசித்தாள். இன்று விண்ணில் இருப்பது போலவே.

0.10-ஐ நாற்பத்தெட்டால் பெருக்கினாள். கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர். மேலே, நிஜமான நாரையில், வெப்பக் கவசத்துக்கும் மனிதர்கள் உட்காரும் அறைக்கும் நடுவே, ஐந்து மில்லிமீட்டர்.

அன்று ஜூன் இருபத்தொன்று. நாரை பூமிக்குத் திரும்பும் நாள் ஜூலை இரண்டு. உள்ளே மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருத்தி டாக்டர் ரத்தினவேலின் மகள் அமுதினி.

*

"உங்கள் புகார் எண் 4471 ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது. மாற்றுப் பெட்டி அனுப்பப்படும்."

"எனக்குப் பெட்டி வேண்டாமுங்க. மேல இருக்கற கலத்துல கோளாறு இருக்குது. யாராவது மனுசங்ககிட்டக் குடுங்க."

"கலத்தில் கோளாறு. புரிந்தது. பெயிண்ட் தொடர்பான கோளாறா, ஸ்டிக்கர் தொடர்பான கோளாறா?"

இரண்டு நாள் இப்படிப் போனது. விண்வெளி மையத்தின் பொதுமக்கள் எண்ணில் பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா அறிவிப்பு ஓடியது. இணையப் படிவத்தில் 'தொடர்பு' என்ற இடத்தில் மாணவர், பத்திரிகையாளர், ஒப்பந்ததாரர் என்று மூன்று வாய்ப்புகள். துளசிமணி 'ஒப்பந்ததாரர்' என்று பொய் சொன்னாள். அதனால்தானோ என்னவோ மூன்றாம் நாள், தொழிற்சாலை மதிய இடைவேளையில், ஒரு மனிதர் கூப்பிட்டார்.

"மேடம், என் பேரு கமலக்கண்ணன். மையத்துல கட்டமைப்புப் பிரிவு. உங்க மனு என் மேசைக்கு வந்திருக்கு. பொம்மைல இடைவெளின்னு எழுதியிருக்கீங்க."

"பொம்மைல இல்லீங்க. கலத்துல."

"கலத்தை நாங்க வாரம் ரெண்டு தடவை பாக்குறோம் மேடம். நேத்து எடுத்த படம் என் முன்னாடி திறந்திருக்கு. வளையம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கோடு கிடையாது."

"ஒரு கோடுகூட இல்லீங்களா?"

"சுத்தமா இல்ல."

"ஏனுங்க, அஞ்சு மாசமா மேல கெடக்குது. வெயில்ல நூறு டிகிரி, நெழல்ல மைனஸ் நூறு. ஒரு கோடுகூட இல்லாம எப்படீங்க இருக்கும்? புதுசா வார்ப்புலிருந்து எடுத்த பம்பே அப்படி இருக்காதுங்க."

மறுமுனையில் மௌஸ் இரண்டு முறை சொடுக்கியது. துளசிமணி கேட்டாள்: "அந்தப் படத்த யாருங்க எடுக்கறது?"

"அளவு எடுக்கிறதுக்கு ஒரு ஒப்பந்தக் கம்பெனி இருக்கு. அவங்க ஒரே தடவைதான் எடுப்பாங்க. எங்களுக்கும் வரும், வான்பேழைக்கும் போகும்."

"அப்ப இந்தப் பொருத்தத் திருத்தத்த வான்பேழை போட்டுதா, அவங்க போட்டாங்களா?"

மேசை இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு விசைப்பலகை. வெகுநேரம்.

"மேடம்," என்றார் கமலக்கண்ணன். குரலில் இருந்த அதிகாரம் போயிருந்தது. "அவங்க போட்டிருக்காங்க. மூலத்துலயே. வடிவமைப்புப் படத்தோட ஒப்பிட்டு, அளவுப் பிழைன்னு தோணுறதை நேராக்கிடும். எல்லாம் சீரா இருக்கணும்னு பழைய பதிவையும் திருத்தியிருக்காங்க. ஜனவரி வரைக்கும்."

"மொதல்ல எடுத்தது?"

"அதை அழிச்சு, அதுக்கு மேலயே எழுதியாச்சு."

துளசிமணியின் சோற்றுப் பாத்திரம் திறந்தபடி இருந்தது. அவள் அதை மூடினாள். "அந்தப் புகார எழுதுனது நான்தானுங்க," என்றாள். "முந்நூறு கையெழுத்து வாங்கிக் குடுத்ததும் நான்தான்."

"அதை விடுங்க மேடம். அந்தப் பக்கம் நிலையத்தோட ஜன்னலுக்குத் தெரியாது. வீரர்களை வெளிய அனுப்பிப் பாக்கச் சொல்லணும்னா, நான் மேலதிகாரிங்ககிட்ட ஒண்ணு காட்டணும். படம் சுத்தம்ங்குது; புதுசா எடுத்தாலும் அந்தத் திருத்தம் வழியாத்தான் வரும். எதிர்ப்பக்கம் உங்க பட்டியல். பொழுதுபோக்கா பொம்மை கட்டுற பதினெட்டுப் பேரு சொன்ன அளவு. அந்த உதிரியை எடுத்துட்டு வாங்க. நான் அளக்குறேன்."

"தேச்சுட்டனுங்களே."

"என்னது?"

"இடைவெளி இருந்தா அடைச்சுத் தேய்க்கறதுதானுங்க எங்க வேலையே. பதினெட்டுப் பேரும் தேச்சிருப்பாங்க."

கேட்டுப் பார்த்தாள். தேய்த்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர் தன் வளையத்தின் படத்தை அனுப்பிக் கீழே எழுதியிருந்தார்: 'எங்கே இருந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை!' பக்கத்தில் மூன்று கைதட்டல்கள்.

பிரிக்காத, தேய்க்காத, ஜூன் பத்துக்கு முந்தைய ஒரு பெட்டி வேண்டும். அப்படிப் பெட்டி வைத்திருக்கிற ஒரே ஆளை ஐந்து வருடமாக அவள் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

*

கிளினிக் மதியம் ஒன்றரைக்கு மூடி நாலரைக்குத் திறக்கும். அந்த நேரத்தில் போனாள். டாக்டர் வேட்டி பனியனில், மாடியில் பெட்டிகளின் அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கூரை வரை அலமாரிகள், ஆண்டு வாரியாக. நாரை மட்டும் தனியாக, கண்ணாடிக் கதவுக்குள் இருந்தது. பக்கவாட்டில் தேதி: ஜனவரி 24. நாரை நிலையத்தோடு பூட்டிய முதல் வாரம்.

"வாங்க அம்மிணி. கேக்கு நல்லா இருந்துச்சுங்களா? எனக்கு ஒரு துண்டு குடுத்துவுடல பாருங்க."

துளசிமணி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். புள்ளி வைத்த தாளைக் காட்டினாள். புகாரை எழுதியது தான் என்பதையும் விடாமல் சொன்னாள்.

டாக்டர் தூசித் துணியை மடித்தார். மறுபடி மடித்தார்.

"குடும்பத்துக்காரங்களுக்குன்னு மையத்துல தனி நம்பர் இருக்குதுங்க," என்றார். அவள் முன்னாலேயே கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு வைத்தார். "எல்லாம் சுத்தமா இருக்குதாமா."

"அதாங்க எனக்குப் பயம்."

"உங்களுக்கு எப்பத்தான் திருப்தி?" அவர் குரல் உயர்ந்தது. "இடைவெளி இருக்குதுன்னு பத்து நாளு கத்துனீங்க. இப்ப இடைவெளி இல்லைன்னு கத்தறீங்க. ஒரு பொம்மைக்கு, ஒரு மயிரு நுழையற ஓட்டைக்கு, ஊரைக் கூட்டி மனுப் போட்டீங்களே, நானு கையெழுத்துப் போடல பாத்தீங்களா!"

"பாத்தனுங்க. போடாதது நீங்க ஒருத்தருதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி சொன்னார்: "மொத வாரத்துல மேல இருந்து பேசுனா. பெட்டி வந்திருச்சாப்பான்னா. வந்திருச்சு கண்ணுன்னேன். நான் வந்துதான் பிரிக்கணும், தொட்டீங்கன்னா பல்லைப் பேத்துருவேன்னா. பல் டாக்டரு பல்லை."

"பிரிச்சாத்தானுங்க அவ வருவா."

"அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றாள் துளசிமணி. அந்த நேர்மையே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "எம்பட புள்ளிக் கோட்டப் பின்னால இழுத்தா, ஜனவரி இருபத்துநாலுல 0.03 வரோணும். இடைவெளியே இல்லைன்னா என்ற கணக்குத் தப்பு. உங்க பெட்டியச் சும்மா கெடுத்தவளாப் போயிருவேன்."

டாக்டர் எழுந்தார். "பிரிக்காமலே பாக்கலாம். கீழ வாங்க."

தாடை எலும்பைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் இயந்திரம் ஒன்று கிளினிக்கில் இருந்தது. நோயாளி முகவாயை வைக்கும் இடத்தில் டாக்டர் தன் மகளின் பெட்டியை வைத்து, ஆடாமல் இருக்க இருபுறமும் பஞ்சு அடைத்தார். இயந்திரம் முனகிக்கொண்டு சுற்றியது. திரையில் சாம்பல் நிறத்தில் உதிரிகள் தெரிந்தன. சட்டத்தில் வரிசையாகத் தொங்கிய அவை ஏதோ ஒரு விசித்திரப் பிராணியின் பற்கள்போல இருந்தன. சி-14 தெரிந்தது. பெரிதாக்கினார். ஓரம் புகைபோலக் கலைந்தது.

"எத்தனை நுணுக்கமாத் தெரியுமுங்க இதுல?"

"0.08 வரைக்கும்." அவர் திரையை அணைக்காமல் அப்படியே நின்றார். "சொத்தையப் பாக்கறதுக்குப் போதும்."

அவர்கள் தேடுவது 0.03. துளசிமணி ஃபீலர் கேஜைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் கை கழுவினார், சிகிச்சைக்கு முன் கழுவுவதுபோல முழங்கை வரை. அறுவைக் கத்தியில் புதிய பிளேடு மாட்டினார். பெட்டியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் நுனியை வைத்தார். முப்பத்தைந்து வருடம் பிறர் வாயில் நடுங்காத கை.

"கமலக்கண்ணனைக் கூப்பிடுங்க," என்றார். "அவரு பாக்கட்டும். அப்புறம் அங்க தேச்சீங்களா, இங்க தேச்சீங்களான்னு கேக்கக் கூடாது."

ஃபோனைப் புத்தகங்களில் சாய்த்து வைத்தார்கள். திரையில் கமலக்கண்ணன் முதலில் கேட்டது, ஃபீலர் கேஜின் அளவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான். துளசிமணி தொழிற்சாலையிலிருந்து அதையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். தாளைக் காமிராவில் காட்டினாள். தன் கணக்கை ஒரு சீட்டில் எழுதி மடித்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் சி-13-ஐயும் சி-14-ஐயும் சட்டத்திலிருந்து நறுக்கினார். ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கை ஒரே இழுப்பில், வளையத்தின் மேல் ஒரு கீறல்கூட விழாமல் எடுத்தார். பதினைந்து வருடமாகக் கட்டுகிற துளசிமணிக்கு அப்படி வராது. இந்த மனிதர் ஒரு பெட்டியாவது கட்டியிருக்கலாம் என்று நினைத்தாள்.

பாதிகளைச் சேர்த்து அறையின் அடியில் பொருத்திப் பிடித்தார். பார்வைக்கு இடைவெளி எதுவும் தெரியவில்லை. தன் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று துளசிமணி ஒரு கணம் மனதார விரும்பினாள்.

0.02 இதழ் கதவுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது.

0.03, மெல்லிய உராய்வோடு, போனது.

0.04 போகவில்லை.

வளையத்தைச் சுற்றி வேறு எந்த இடத்திலும் 0.02-கூட நுழையவில்லை.

டாக்டர் மடித்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார். காமிராவுக்குக் காட்டினார். யாரும் வெற்றி பெற்றதுபோல முகம் வைத்துக்கொள்ளவில்லை.

"நான் மேல பேசுறேன்," என்றார் கமலக்கண்ணன்.

*

மேலே என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. டாக்டர் தினமும் மூன்று முறை துளசிமணியைக் கூப்பிட்டார். கேட்பதற்கு எதுவும் இல்லாததால் என்ன பசை நல்லது, எந்தத் தூரிகை நல்லது என்று கேட்டார். அவளும் சொன்னாள்.

ஜூன் முப்பது மாலை அறிவிப்பு வந்தது. கடற்பகுதியில் வானிலை சரியில்லாததால் நாரையில் வீரர்கள் திரும்புவது தள்ளிவைக்கப்படுகிறது. ஜூன் இருபதில் புதிய குழுவோடு வந்து சேர்ந்து நிலையத்தில் நிற்கும் நாரை இரண்டில், அக்டோபரில் திரும்புவார்கள். நாரை, ஆளில்லாமல், ஒரு சோதனையாக இறக்கப்படும்.

அன்றைக்குக் கடலில் பேருக்குக்கூட ஓர் அலை எழவில்லை என்பதைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள்.

ஜூலை ஒன்பதில் நாரை இறக்கப்பட்டது. 'சோதனை திட்டமிட்டபடி நிறைவுற்றது' என்று ஒரே வரியில் செய்தி. மறுநாள் கமலக்கண்ணன் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாது மேடம். ஆனாலும் சொல்றேன். கடல்ல ஒண்ணும் விழல. எண்பது கிலோமீட்டர் உயரத்துலயே எரிஞ்சு முடிஞ்சுருச்சு."

துளசிமணி தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே பம்பு ஒன்று ஓடிச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

"அந்தத் திருத்தத்த எடுத்துட்டாங்களா?"

"எடுக்கச் சொல்லி எழுதியிருக்கோம்."

"எழுதியிருக்கீங்களா, எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டதா பதில் வந்திருக்கு மேடம்."

அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ஃபோனை வைத்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, பத்திரமாகப் பொட்டலம் கட்டிய ஒரு முழு கேக் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

*

ஜூலை கடைசி சனிக்கிழமை, வான்பேழையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. 'புகார் எண் 4471. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இதோ உங்கள் மாற்றுப் பெட்டி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

பிரிக்க அவளுக்கு மனமில்லை. மேசை மேல் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனாள். திரும்பி வரும்போது பக்கவாட்டில் இருந்த தேதி கண்ணில் பட்டது.

இன்று விண்ணில் இருப்பது போலவே. அளவெடுத்த நாள்: ஜூலை 11.

அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு மறுபடி பெட்டியைப் பார்த்தாள். எரிந்து சாம்பலாகி இரண்டு நாள் கழித்து யாரோ நாரையை அளந்திருக்கிறார்கள்.

உறையைக் கிழித்தாள். சி-13, சி-14, அறை. மூன்றையும் நறுக்கிச் சேர்த்துப் பிடித்தாள். கதவுக்குக் கீழே 0.02 இதழை வைத்தாள். நுழையவில்லை. சாய்த்து வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. வளையத்தைச் சுற்றி எங்குமே அந்த இதழுக்கு இடம் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு கச்சிதமான பொருளை அவள் பார்த்ததில்லை.

ஃபோன் அடித்தது. டாக்டர்.

"அம்மிணி, ஒரு சேதி. சிரிக்கக் கூடாது. நானு ஒண்ணு கட்டிட்டேன்."

"என்னங்க டாக்டர்?"

"நாரை ரெண்டு. அமுதினி வரப்போற கலம் இல்லீங்களா, என்னால பொறுக்க முடியல. வாங்கிப் பிரிச்சு, மூணு நாளா உக்காந்து கட்டிட்டேன். நீங்க சொன்ன பசைதான். பின்ன, மொதல்ல வளையத்தத்தான் பாத்தேன். ஒரு மயிரிழை இல்லீங்க! எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. அவகிட்டயும் சொல்லிட்டேன். கண்ணு, இந்தத் தடவை பயமில்லை, அப்பனே கையால கட்டிப் பாத்துட்டேன்னு. என்ன சிரிப்புச் சிரிச்சா தெரியுங்களா!"

துளசிமணியின் விரல்களுக்கிடையில் அந்த வளையம் இன்னும் இருந்தது.

"டாக்டர்," என்றாள். "நாரை ரெண்டுக்குப் பழைய பெட்டி ஏதாவது வெச்சிருக்கீங்களா? ஜூன் பத்துக்கு முந்தி?"

"அது மேல போனதே ஜூன் இருபதுதானுங்களே அம்மிணி. முந்தி எப்படி இருக்கும்?" சிரிப்பு இன்னும் அவர் குரலில் இருந்தது. பிறகு அது மெல்ல இறங்கியது. "ஏனுங்க? ஏன் கேக்கறீங்க?"

அவள் கையிலிருந்த பெட்டியின் தேதியை வாசித்துக் காட்டினாள். "திருத்தம் இன்னும் ஓடுதுங்க; நீங்க கட்டுனது கலத்த இல்ல, வடிவமைப்புப் படத்த." அடுத்த முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

கமலக்கண்ணனின் எண் பதிலளிக்கவில்லை. சனிக்கிழமை. அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், துளசிமணி அந்தப் பழைய எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம்! நான் இனியா. உங்கள் புகார் என்ன? உதிரி பொருந்தவில்லை என்றால் எண் ஒன்றை அழுத்தவும். உடைந்திருந்தால் எண் இரண்டு. உதிரி காணவில்லை என்றால் எண் மூன்று."

அவள் காத்திருந்தாள். இனியா மறுபடி முதலிலிருந்து சொன்னாள்: பொருந்தவில்லை, உடைந்தது, காணவில்லை. மறுபடியும் சொன்னாள்.

பொருந்துகிறது என்பதற்கு எண் இல்லை.